பாதி மொட்டையில் முடிந்த பேரம்

விமானக் கம்பெனி முதலாளி சடகோபனுக்குத் தலை கொள்ளாத சுருட்டை முடி. அதைத் திருத்தணி முருகனுக்குத் தருவதில் அவருக்கு எள்ளளவும் வருத்தமில்லை. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் மலிவாகத் தள்ளிவிட்ட டக்கோட்டா விமானங்களை வாங்கி, மீனம்பாக்கத்தில் கம்பெனி வைத்தவர் அவர். அதே யோசனை நாட்டில் பாதிப் பணக்காரர்களுக்கும் வந்து தொலைத்தது. விமானங்கள் பெருகின, ஏறத்தான் ஆளில்லை. ‘இவற்றை யார் தலையிலாவது கட்டிவிட்டால் மொட்டை போடுகிறேன்’ என்று வேண்டிக்கொண்டார். போட்டிக் கம்பெனி முதலாளி பஞ்சாட்சரம் வந்து மாட்டினார்.

மாட்டினாலும் ஆசாமி கெட்டிக்காரர். “போனாப் போவுதுன்னு வாங்கிக்கிறேன். விமானமும் ரூட் லைசென்சும் போதும். ஒங்க மெக்கானிக்குங்க எனக்கு வேணாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். சடகோபனும் சரியென்று வந்துவிட்டார். திங்கட்கிழமை கையெழுத்து.

அதற்குள் வேண்டுதலை முடித்துவிடலாமென்று மனைவி சுலோச்சனாவோடு மலைக்குப் புறப்பட்டார். காரை ஓட்டியவன் தலைமை மெக்கானிக் கோதண்டம், திருத்தணிப் பக்கத்து மணவூர்க்காரன். கோயில் பயணமென்றால் ஸ்டீரிங்கை வேறு யாரிடமும் விடமாட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த சடகோபனுக்கு, உங்கள் எல்லோருக்கும் வேலை போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மலையில் கார் நின்றதும், விஷயத்தைச் சொல்லாமலே இறங்கி நடந்தார்.

முடியிறக்கும் கொட்டகையில் நாவிதர் ஒரு பக்கம் மழித்து முடித்த நேரம், பக்கத்துப் பலகையில் யாரோ தும்மினார்கள். கேட்டுப் பழகிய தும்மல். சடகோபன் மெல்லத் திரும்பினார். பஞ்சாட்சரம்! அவருக்கும் பாதி மொட்டை.

இருவருக்கும் எழுந்து ஓடத்தான் ஆசை. அந்தக் கோலத்தில் எங்கே ஓடுவது?

சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த சுலோச்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். “அண்ணே, ஒங்களுக்கு இன்னா வேண்டுதல்?”

“சும்மா, குடும்ப வழக்கம்மா.”

“மலை மேல ஒக்காந்துகினு பொய் சொல்லாதீங்கண்ணே.”

பஞ்சாட்சரம் அடங்கிப்போனார். “இவரு விமானம் கெடைச்சா முடி எறக்குறேன்னு வேண்டிகினேம்மா. என்கிட்ட இருக்கிறதுல பாதி பறக்கல. இப்படியே போனா லைசென்ச புடுங்கிடுவாங்க.”

சடகோபனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நானும் அதுக்குத்தாங்க வந்தேன். ஒங்க தலையில கட்டினதுக்கு!” என்றார். பஞ்சாட்சரமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாவிதர்கள் இருவரும் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சிரித்த வேகத்தில் சடகோபனுக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. “ஒங்க விமானம் ஏன் பறக்கல? பாத்து ரிப்பேர் பண்ண ஆளில்ல. எங்க பசங்க கை வச்சாப் பறக்கும். அவங்கள எடுத்துகினாதான் கையெழுத்து.”

பஞ்சாட்சரம் மாட்டேனென்று தலையாட்டப் பார்த்தார்.

“ஆட்டாதீங்க சாமி, காது போயிடும்!” என்று நாவிதர் அதட்டினார்.

“ஆட்டலன்னா சம்மதம்னு எடுத்துக்கிறோம்” என்றாள் சுலோச்சனா.

“எல்லாரையுமா?”

“ஆங், எல்லாரையும்.”

“நல்லா வந்து ஒக்காந்தேன்மா இங்க! சரி, எடுத்துக்கிறேன். முருகன் சாட்சி.”

சடகோபனுக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அடக்க முடியாத சந்தோஷம். கோதண்டத்தைக் கூப்பிட வாயெடுத்தார். அவனோ அர்ச்சனைக் கூடையோடு, எல்லாவற்றையும் கேட்டபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்தான், கூடையைச் சுலோச்சனாவிடம் கொடுத்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு அடுத்த பலகையில் உட்கார்ந்தான்.

“எனக்கும் எறக்குப்பா.”

“ஒனக்கு இன்னாடா வேண்டுதல்?” என்றார் சடகோபன்.

“வேல போவப்போற சேதி போன வாரமே எங்க காதுக்கு வந்திடுச்சுங்க மொதலாளி. ஒங்க வாயால அதக் கேக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் வேண்டிகினே ஓட்டினேங்க.”

சடகோபனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதி மொட்டையோடு எழுந்துபோய், நாவிதர் கையிலிருந்த செம்பை வாங்கி, கோதண்டத்தின் தலையைத் தானே நனைத்தார்.