வெளிச்சத்துக்குக் காத்திருந்த மான்

பிராண்ட் கூடாரத்துக்குள் நுழையும் முன்பே அவன் குரல் நுழைந்துவிட்டது.

"மச்சான்! மான் ராஜா சாஞ்சுட்டான். ஒரே தோட்டா!"

இரவுக் காற்று கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகைத் தள்ளினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மரம் அறுக்கும் ஆலையை மூடிய நாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. வீட்டுக் குளிர்பெட்டி காலி. என் மனைவி ஜோலீனுக்கும் பிள்ளைகளுக்கும் குளிர்காலக் கறி இந்த எல்க் மான்தான். வேட்டை அனுமதி அவள் அண்ணன் பிராண்டுடையது. கூடாரம் என்னுடையது, மலையில் வழி தெரிந்தவனும் நான்தான். கொம்பு அவனுக்கு, கறி எனக்கு என்று பேச்சு.

"குடலெடுத்துத் தோலை உரிச்சிட்டியா?"

"என்ன கேள்வி மச்சான் இது? ஊருக்கே பாடம் எடுக்கிறவன்கிட்ட!"

எடுக்கிறான்தான். டென்வரில் காப்பீடு விற்றுக்கொண்டே, 'மலையோடு பேசுவது எப்படி' என்று ஓட்டல் அரங்குகளில் வகுப்பு நடத்துகிறான். கேட்பவர்கள் அழுகிறார்களாம்.

காலையில் முழங்கால் பனியில் ஏறினோம். தேவதாரு மரத்தடியில் மான் கிடந்தது. முழுசாக. வயிறு பீப்பாய் மாதிரி உப்பியிருந்தது. மேலே விழுந்த பனி உருகவே இல்லை. அந்தத் தோல் உள்சூட்டை வெளியே விடாது. கத்தியை இறக்கினேன். ஆவியோடு நாற்றம் முகத்தில் அறைந்தது.

"நீ கீறவே இல்லடா."

"கீறினா ரத்தம், படம் அசிங்கமாயிடும். காலை வெளிச்சத்துல எடுக்கலாம்னு விட்டேன். சுத்தியும் பனிதானே மச்சான், இயற்கையோட ஐஸ்பெட்டி!"

"இவ்ளோ பெரிய கோட்டுக்குள்ள நீ விறைச்சா போயிட்ட? அதுக்கும் அதே கோட்டுதான்டா!"

பின்னந்தொடை எலும்பைச் சுற்றிக் கறி பச்சை பாரித்துப் புளித்திருந்தது. முன்னங்கால், கழுத்து, முதுகுக்கறி தேறின. வழித்து வழித்து எடுத்தேன். அவன் படம் பிடித்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மச்சான், நிழல் விழுது."

சூரியனே இல்லாத மலையில் என் நிழல் விழுந்ததாம்.

கணவாய்ப் பக்கம் மேகம் இறங்கியது. பனி கொட்டி வழி மூடிவிடும்; மிச்சத்தை எடுக்க இன்னொரு நடை வர முடியாது. நிமிர்ந்து பார்த்தால் பையில் கொம்பைக் கட்டிக்கொண்டிருக்கிறான். எங்கள் பக்கம் கறி முதலில் இறங்கும், கொம்பு கடைசியில். கறியை விட்டுக் கொம்போடு வருகிறவனுக்கு மதுக்கடையில் நாற்காலியை நகர்த்திக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"அவிழ்டா."

"மச்சான், கீழ இந்தக் கொம்பைப் பார்க்க ஆயிரக்கணக்குல ஆளுங்க காத்திருக்காங்க."

"என் வீட்லயும்தான் காத்திருக்காங்க. அவங்க கொம்பு திங்க மாட்டாங்க."

"சொந்தக்காரன்னுகூடப் பார்க்காம..."

"சரி, கொம்பையே தூக்கு. கூடாரத்துக்கு வழி வேணும்னா மலையோட பேசிக் கேட்டுக்கோ."

என் சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரு கெட்ட வார்த்தை, கயிறு அவிழும் சத்தம், அப்புறம் கழுத்துக்கறியின் கனத்தில் மூச்சு வாங்கல்.

கணவாயைத் தாண்டியதும் கேட்டான்: "பனி உருகினதும் வந்தா கொம்பு இருக்கும்ல?"

"கொம்பு கொறிக்கிற முள்ளம்பன்றி மிச்சம் வச்சா இருக்கும்."

அவன் முகம் தொங்கியதைப் பார்த்தும் எனக்கு ஆறவில்லை. என் முதுகுச் சுமை லேசாக இருந்தது. முழு மானின் கறிக்கு அது இத்தனை லேசாக இருந்திருக்கக் கூடாது.