இருபத்தாறு கிலோ

"என்ன சிஸ்டர், உங்க மிஷின் என் பையனை ஒரே வாரத்துல பயில்வான் ஆக்கிடுச்சு!" என்று சிரித்தார் ரொட்டி வண்டி ஓட்டுபவர். "போன வாரம் ஒம்பதரை. இன்னிக்கு இருபத்தொண்ணா?"

நர்ஸும் சிரிக்கத்தான் போனாள். பத்து மாதக் குழந்தை எடைத்தட்டில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அவள் குனிந்து பார்த்தாள். இருபத்தொன்றுதான். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், கிலோ இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டு இருந்தது.

காலையில் கருவியைத் துடைக்கும்போது அலகை மாற்றும் பொத்தான் அழுந்தியிருக்கும். துடைத்தவள் அவளேதான்.

அன்று இவனுக்கு முன்னால் அந்தத் தட்டில் உட்கார்ந்தது ஒரே ஒரு குழந்தை. மூன்று வயதுப் பெண், ஒல்லிக்குச்சி. வலிப்புக்குப் புது மருந்து ஆரம்பிக்க வந்தவள். "இருபத்தாறு டாக்டர்" என்று கதவருகிலிருந்தே குரல் கொடுத்தது நர்ஸ்தான். வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. டாக்டரம்மா நிமிராமலே கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மருந்தின் அளவை எழுதிவிட்டார். மூன்று வயதுப் பிள்ளை இருபத்தாறு கிலோ இருக்குமா என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நர்ஸ் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள். "டாக்டர், காலையில வந்த பாப்பா பன்னெண்டு கிலோகூட முழுசா இல்ல. நான் சொன்னது பவுண்டு."

டாக்டரம்மாவின் கையில் பேனா அப்படியே நின்றது. "ரெண்டு மடங்குக்கு மேல எழுதிட்டேனே! வீட்டுக்குப் போன உடனே முதல் வேளை குடுங்கன்னு வேற சொன்னேன். போன் போடு."

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"குடிச்சா நல்லா தூங்குவா, பயப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன்" என்றார் டாக்டரம்மா, தனக்குள் பேசுவதுபோல. அதைக் கேட்டதும் நர்ஸ் மறுபடி எண்ணை அழுத்தினாள். பயப்பட வேண்டியதைப் பயப்படாதே என்று சொல்லியாகிவிட்டது. பிள்ளை கண் திறக்காவிட்டாலும் அந்தத் தாய் நிம்மதியாகத்தான் இருப்பாள்.

வாசலில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரொட்டி வண்டிக்காரர் பையனைக் கூட வந்திருந்த மனைவி கையில் கொடுத்தார். "வண்டி வெளியதான் நிக்குது. ஏறுங்க சிஸ்டர்."

டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லத் தொடங்கியிருந்தார். நர்ஸ் பதிவேட்டில் விலாசத்தைப் பார்த்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே வண்டியில் ஏறினாள். முன்னால் குப்பை லாரி ஒன்று வீடு வீடாக நின்று நின்று போனது. "யோவ், ஒதுங்குய்யா!" என்று கத்திய வண்டிக்காரர், கடைசியில் ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றிக் கடந்தார். பின்னால் ரொட்டித் தட்டுகள் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சலவைக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி. நர்ஸ் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஏறிக் கதவைத் தட்டினாள்.

கதவு மெல்லத் திறந்தது. தாய் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க சிஸ்டர். எத்தனையோ ராத்திரிக்கப்புறம் இப்பதான் நல்லா தூங்குறா. அதான் போனைக்கூட சத்தம் வராம அமுக்கி வச்சுட்டேன்" என்றாள்.

நர்ஸ் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். குழந்தை மல்லாந்து கிடந்தாள். மூச்சு வந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இடைவெளி நீண்டது. உள்ளங்காலைச் சுண்டினாள். முனகல் மட்டும் வந்தது. இமை அசையவில்லை.

"தூக்குங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருந்து அதிகமாயிடுச்சு. எடையைத் தப்பா சொன்னது நான்தான்."

தாய்க்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். வண்டியில் வழியெல்லாம் நர்ஸ் அந்தச் சின்ன நெஞ்சில் கையை வைத்தபடியே வந்தாள். அது ஏறி இறங்குவதை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, விரலில் கருவி மாட்டினார்கள். "உடம்புல இருந்து மருந்து தானா இறங்கணும். பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறோம்" என்றார் அங்கிருந்த டாக்டர். ஒரே பெஞ்சில் தாயும் நர்ஸும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு வந்து, "எழுதினது என் கை. நானும் பாத்திருக்கணும்" என்றார். தாய் அவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் எரிச்சல் குரல் கேட்டது. "என் செருப்பு எங்க?"

அவசரத்தில் யாரும் செருப்பை எடுத்து வரவில்லை. தாய் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். நர்ஸ் வாசலோடு நின்றுவிட்டாள்.

வெகுநேரம் கழித்துத் தாய் வெளியே வந்தாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"வீட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி மறுபடி எடை பாக்கணுமாம். வாங்க, நீங்களும் பாருங்க. நானும் பாக்குறேன்."