உரிமையாளர் பதிலளிக்கவில்லை

மின்னல் என்று அவளுக்குப் பேர் வைத்தவர் டாக்டரம்மா. காரணம் அந்த டேப்லெட். செல்லப்பிராணிகளுக்குக் காப்பீடு எடுத்துத் தரும் கம்பெனிக்காரர்கள் அதைப் பிராணிகள் மருத்துவமனையில் அவள் உட்காரும் வரவேற்பு மேஜையில் கொண்டுவந்து வைத்து, ஒரு நாயைச் சேர்க்க ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரமே அவள் அதை ஒன்றரை நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்த வட்டாரத்திலேயே வேகமான மருத்துவமனை இதுதான் என்று கம்பெனி ஒரு சான்றிதழ் அனுப்பியது. டாக்டரம்மா அதற்குச் சட்டம் போட்டு, எடை பார்க்கும் மெஷினுக்கு மேலே மாட்டினார். அந்த வேகம் எப்படி வந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. மின்னலும் சொல்லவில்லை.

டேப்லெட்டில் ஒரு தாமதமும் கிடையாது, தாமதமெல்லாம் மனிதர்களிடம்தான். நாயின் பெயர், வயது, பழைய நோய் எல்லாம் மருத்துவமனைப் பதிவிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் உரிமையாளரின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும், அதைப் பார்த்து இங்கே தட்ட வேண்டும், அங்கேதான் வண்டி நிற்கும். ஒருவருக்குப் போன் காரில் இருக்கும். இன்னொருவருக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கும். ஒரு கையில் பூனையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவும் அம்மாள் போனைக் கண்டுபிடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். பின்னால் வரிசையில் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மின்னல் ஒரு நாள் உரிமையாளர் போன் எண் என்ற கட்டத்தில் தன் சொந்த எண்ணையே போட்டாள். ஆறு இலக்கம் அவள் போனுக்கு வந்தது, தட்டினாள், வேலை முடிந்தது. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் சரியான எண்ணை மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சில பேருக்கு மாற்றவும் செய்தாள். ஆனால் அந்த மருத்துவமனையில் கூட்டம் குறைந்த சாயங்காலம் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஊரில் இருக்கிற பாதி நாய் பூனைக்கு அவள் போன்தான் விலாசம். அவள் கணவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது. சாப்பிட உட்காரும்போது அந்தச் செய்திகளைச் சத்தமாகப் படிப்பான். உங்கள் அன்புச் செல்லம் டைகருக்கு வாழ்த்துகள் என்று வந்திருக்கிறதே, கல்யாணத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்பான். தொல்லை தாங்காமல் அவள் அந்தச் செய்திகளுக்கு மட்டும் மணி அடிக்காதபடி செய்துவைத்தாள். பிறகு அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பள்ளி பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் சீருடையோடு உள்ளே ஓடிவந்தார். கையில் போர்வை, போர்வைக்குள் உருண்டை. குட்டியாக இருந்தபோது உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர், இப்போது ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்ந்துவிட்ட நாய். கேட் திறந்திருந்த நேரம் பார்த்து ரோட்டுக்கு ஓடியிருக்கிறது, ஸ்கூட்டர் அடித்துவிட்டது. வலது பின்னங்கால் துணி மாதிரி தொங்கியது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தால் கால் பிழைக்கும், ஆனால் அது பெரிய செலவு. முடியாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான். கட்டுப் போட்டு வைத்தால் இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் தள்ள வேண்டாம் என்றார். பஸ்காரர் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

“காப்பீடு இருக்குல்ல டாக்டர். இந்தப் பொண்ணுதான் சேர்த்துவிட்டுச்சு” என்றார்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு கத்தைப் படிவம் நிரப்பி வாரக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். இப்போது எக்ஸ்ரேயை அனுப்பினால், ஊற்றிய டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். மின்னல் அனுப்பினாள். பதில் அதைவிடச் சீக்கிரமாகவே வந்தது. இந்தக் காப்பீடு இருபது நாட்களுக்கு முன் ரத்தாகிவிட்டது. முதல் மாதம் இலவசம், அது முடிவதற்குள் உறுதி செய்யும்படி உரிமையாளருக்கு மூன்று முறை செய்தி அனுப்பியிருக்கிறோம், பதில் இல்லை.

அந்த மூன்று செய்திகளும் எங்கே கிடக்கின்றன என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மேஜை இழுப்பறைக்குள், அவளுடைய கைப்பைக்குள், அவள் போனில்.

திரையில் இருந்ததை அவள் வாசித்துச் சொன்னபோது அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“என் தப்புதாம்மா. கம்பெனி மெசேஜ்னாலே படிக்காம அழிச்சிடுவேன். வீட்டுக்காரி தலையில அடிச்சுக்குவா. நீ அவ்வளவு அக்கறையா சேர்த்துவிட்டே, நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கம்மா.”

மன்னிப்பை அவள் வாங்கிக்கொண்டாள். வேறு எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினாள்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. கோரிக்கையை மூடக் காரணம் என்ன? கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, உரிமையாளர் பதிலளிக்கவில்லை. மற்றது, மருத்துவமனையின் பதிவுத் தவறு. இரண்டாவதை அழுத்தினால் கம்பெனி ஒரே நாளில் மறுபடி விசாரிக்கும். டாக்டரம்மாவுக்கும் அப்போதே தகவல் போகும். எந்த மேஜை, யார் பதிந்தது, எந்த எண் என்று எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். இது அவளுக்கு மனப்பாடம், ஏனென்றால் பயிற்சியின்போது அவள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள்.

இரண்டாவது பொத்தான்மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது, அதை நான் மறைக்கப்போவதில்லை. நின்றுவிட்டு முதல் பொத்தானுக்குப் போனது. உரிமையாளர் பதிலளிக்கவில்லை. ஒரு நொடி வேலை. அவள் இதுவரை செய்ததிலேயே வேகமான வேலை அதுதான்.

வாசலில் பஸ்காரர் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவிலேயே அறுந்துபோனது போலிருந்தது, போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார். உள்ளே வந்து, காலை எடுத்துடுங்க என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். அன்று மாலையே எடுத்தார்கள்.

மறுநாள் மின்னல் சீக்கிரமே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய எண்ணில் இன்னும் இருபத்திரண்டு பிராணிகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். பதிவைப் புதுப்பிக்கிறோம் என்று நயமாகப் பேசி எண்களை மாற்றினாள். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பசியோடு வேலை செய்தால் பாவம் கொஞ்சம் கரையும் என்று நினைத்தாளோ என்னவோ. இருபத்திரண்டும் முடிந்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். லேசாகவில்லை, இருபத்து மூன்றாவதான உருண்டை அப்படியேதான் இருந்தது.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். பொத்தான் விஷயத்தை விட்டுவிட்டு எண் விஷயத்தை மட்டும் சொன்னாள். யாருக்கும் தெரியாதில்லையா, அப்புறம் என்ன, வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று அவன் ஆறுதல் சொன்னான். அவன் நல்லவன்தான். ஆனாலும் அவன்மேல் எரிச்சலாக வந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை அவர் அறைக்குள் போனாள். ஒரு முறை பஞ்சு தீர்ந்துவிட்டது என்றாள். இன்னொரு முறை டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் தையல் பிரிக்க உருண்டையைக் கூட்டிக்கொண்டு பஸ்காரர் வந்தார். நாய் மூன்று காலால் தத்தித் தத்தி வந்து, வழவழத்த தரையில் ஒரு முறை சறுக்கி எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து மின்னலின் கையை நக்கியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இழுத்துக்கொண்டதற்காக வெட்கப்பட்டு, மறுபடி நீட்டினாள்.

தையல் பிரித்தானதும் அவர் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். உருண்டையை மறுபடி காப்பீட்டில் சேர்க்க வேண்டுமாம், மிச்சம் இருக்கிற மூன்று காலுக்காவது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. வீட்டில் பத்து நாளாக மனைவி பேசுவதில்லை என்றார். தட்டை வைப்பாள், போய்விடுவாள். உருண்டையைத் தெருவிலிருந்து தூக்கிவந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள்.

“ஒரு உதவி பண்ணும்மா. இந்தத் தடவை உன் நம்பரையே போட்டுடு. எனக்கு வந்தா மறுபடியும் கோட்டை விட்டுடுவேன்.”

மின்னல் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“போன தடவையும் என் நம்பர்தாண்ணா போட்டேன்” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். வரிசை, ஆறு இலக்கம், சாயங்காலம் மாற்றலாம் என்று நினைத்தது, மணி அடிக்காமல் செய்தது.

“அப்போ எனக்கு மெசேஜே வரலையா? பத்து நாளா இந்தப் போனைக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன், எப்ப அழிச்சேன், எப்படி அழிச்சேன்னு.”

“வரலண்ணா.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டு, சரி விடும்மா என்றார். தெரியாமல் நடந்தது, வேண்டுமென்றா செய்திருப்பாய் என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கைக்கு வந்துவிட்டது. இந்த முறை வாங்கிக்கொண்டால் யாரும் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“அது தெரியாம நடந்ததுண்ணா. தெரிஞ்சே ஒண்ணு பண்ணேன். நீங்க வாசல்ல போன் பேசிக்கிட்டிருந்தப்போ, தப்பு யாருதுன்னு இந்த டேப்லெட் என்னைக் கேட்டுச்சு. எங்களோடதுன்னு போட்டிருந்தா ஒரே நாள்ல திரும்ப விசாரிச்சிருப்பாங்க. ரெண்டு நாள் தாங்கும்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க. கால் போயிருக்காது. நான் உங்க மேல போட்டுட்டேன்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குனிந்து, நாயின் இடுப்பில் சிரைத்த இடத்தில் முளைக்கத் தொடங்கியிருந்த குட்டை முடியை உள்ளங்கையால் தடவினார். பிறகு போனை எடுத்து ஓர் எண்ணைத் தட்டி அவள் பக்கம் நீட்டினார்.

“என் வீட்டுக்காரிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா பூசி மெழுகுறேன்னு நினைப்பா.”

மணி இரண்டு தடவைகூட அடிக்கவில்லை. “உருண்டைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டது ஒரு பெண் குரல்.

“உருண்டை நல்லா இருக்கான் அண்ணி. நான் ஆஸ்பத்திரியில மேஜையில இருக்கிறவ பேசுறேன்” என்று மின்னல் ஆரம்பித்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த டாக்டரம்மா கதவருகில் நின்று இவளைப் பார்ப்பது தெரிந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.