உள் பாக்கெட்டில் இருந்த கண்ணாடி

புதுக் கண்ணாடி வந்த நாளிலிருந்து தபால்காரரின் வீட்டில் ஓர் ஒளிவு மறைவு தொடங்கியது. வாசலில் மைத்துனரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், மூக்கில் இருக்கும் கண்ணாடி சட்டையின் உள் பாக்கெட்டுக்குப் போய்விடும்.

“என் தம்பி என்ன போலீஸா? கண்ணாடியைத் திருடிட்டா வந்தீங்க?” என்று மனைவி சிரிப்பாள்.

“நீ சும்மா இரு. அவன் மனசு நோகக் கூடாது.”

மைத்துனர் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தபால்காரர் இதுவரை போட்ட கண்ணாடிகள் எல்லாம் அந்தக் கடையில் செய்தவைதான். பணம் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். வற்புறுத்தி மேசையில் வைத்துவிட்டு வந்தால், அடுத்த முறை வரும்போது அக்காவின் டீத்தூள் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போவார். தாயில்லாத அவருடைய ஒரே மகள் பள்ளி விட்டதும் இந்த வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாடம் படித்து, இங்கேயே வளர்ந்தவள். அந்த நன்றியை அவர் வாயால் சொன்னதில்லை. கண்ணாடியாகத்தான் சொன்னார்.

இந்த முறை டாக்டர், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். விலை கூடிய லென்ஸ் அது. மைத்துனரோ மகளின் கல்யாணச் செலவில் மூச்சு முட்டிக் கொண்டிருந்தார். இந்த நேரத்தில் நானும் போய் அவன் தலையில் ஏறி உட்காருவதா என்று தபால்காரருக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். அதை அவரிடமே சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்காரும் பெண், ஃபோனில் ஓர் ஆன்லைன் கடையைத் திறந்து காட்டினாள்.

“கடை விலையில பாதி கூட இல்ல, சார். ஆனா ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கேக்குது. அசையாம இருங்க.” ஸ்கேலை எடுத்து அவர் மூக்கின் மேல் வைத்தாள். “என்னையே பாருங்க. சிரிக்காதீங்க, கண்ணு ஓடுது.”

“முதல்ல நீ சிரிக்காம இரும்மா. பார்சலுக்கு அளவு எடுக்கிற மாதிரியே இருக்கு.”

வந்த கண்ணாடியைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. மோவாயைக் கொஞ்சம் தூக்கினால் பொடி எழுத்தும் தெரிந்தது. மூக்கின் இரு பக்கமும் அழுத்திச் சிவந்த தடம் விழுந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை கண்ணாடிக்கார மைத்துனர் மகளோடு வந்தார். கண்ணாடி வழக்கம்போல உள்ளே போயிற்று. தபால்காரர் வந்தவர்களுக்குத் தன் கையால் டீ ஊற்றினார். பாதி டம்ளரிலும் பாதி தரையிலும் விழுந்தது.

“அத்தான், கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு.”

“ஒருநாள் கடைப்பக்கம் வாங்களேன்.”

“வர்றேன், வர்றேன். எங்க போயிடப் போறேன்?”

கண்ணாடிக்காரர் அவருடைய மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனார்.

மகள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, கல்யாணத்தன்னிக்கு நீங்கதான் பிரார்த்தனை படிக்கணும். நானே எழுதியிருக்கேன்.”

“கொடு, இப்பவே படிச்சுப் பார்க்கிறேன்.”

“ஆசைதான்! இப்பவே படிச்சா இப்பவே அழுவீங்க. அங்க வந்து அழுங்க, எல்லாரும் பாக்கட்டும்.”

“நான் எதுக்குடி அழறேன்? தொல்லை விட்டுதுன்னு சிரிக்கப் போறேன்.”

“பாப்போம், பாப்போம்” என்றாள்.

சின்ன வயதில் அவரோடு தினமும் சண்டை போட்டவள் அவள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வேகமாகப் போனால் ஒரு சண்டை, மெதுவாகப் போனால் ஒரு சண்டை. தூங்கும் முன் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை சொல்லிக் கொடுப்பார். அதிலும் ஒரு வரியை விட்டுவிட்டால் விடமாட்டாள்.

கல்யாணம் ஒரு சிறிய வாடகை மண்டபத்தில் நடந்தது. பதிவேட்டில் கையெழுத்துகள் முடிந்ததும், மணப்பெண் நான்காக மடித்த தாளை மாமாவின் கையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள். தபால்காரர் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மைத்துனர் செய்து கொடுத்தது. இன்றைக்கு அதைப் போடுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தார். தாளில் எழுத்து கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும் என்றும் நினைத்திருந்தார்.

தாளைப் பிரித்தார். எறும்பு ஊர்வதுபோல் பொடிக் கையெழுத்து. தூர நீட்டிப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். முதல் சொல் ‘ஆண்டவனே’ என்பது மட்டும் பிடிபட்டது. புதுக் கண்ணாடி நெஞ்சுக்கு நேராக, உள் பாக்கெட்டில்தான் இருந்தது. கை அங்கே போயிற்று. எதிரே முதல் வரிசையில் மைத்துனர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இறங்கிவிட்டது.

“கண்ணு கலங்குது... யாராவது படிங்களேன்” என்றார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா உற்சாகமாக எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டார். ரயில் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தை அறிவிப்பதுபோல் கணீரென்று படித்தார்.

“ஆண்டவனே, எங்கள் வீட்டில் அன்பு குறையாமல் பார்த்துக்கொள். என் அம்மாவை உன் பக்கத்தில் வைத்துக்கொள். என் அப்பாவைத் தனியாக விட்டுவிடாதே. பிரார்த்தனை செய்யச் சொல்லிக் கொடுத்த என் மாமாவை, இப்போது இதைப் படித்துக்கொண்டே அழும் என் மாமாவை, நிறைய நாள் சுகமாக வை.”

‘அழும்’ என்ற இடத்தில் பெரியப்பா திகைத்து நிறுத்தி, தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. மணப்பெண் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

புறப்படும் நேரத்தில் தபால்காரர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அம்மாடி, அது வந்து... எழுத்து சரியா...”

“பரவாயில்ல, மாமா” என்றாள் அவள், மென்மையாக. அந்நியர்களிடம் பேசுவதுபோல் இருந்தது. ஒரு சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வண்டி போய்விட்டது. புதுக் குடித்தனம் கடல் தாண்டிய ஊரில். அன்று இரவே விமானம்.

மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் வந்து அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உள் பாக்கெட்ல இருந்ததை எடுத்துப் போட்டிருக்கலாமே, அத்தான்.”

தபால்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. “உனக்கு எப்படி...?”

“மூக்குல அழுத்தின தடம் இருந்துச்சே. நான் செஞ்சது அப்படி அழுத்தாது. டீ ஊத்துன அன்னிக்கே பார்த்தேன். என் வேலை உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“ஐயோ, அப்படி இல்லப்பா! நீ காசு வாங்க மாட்டே. கல்யாணச் செலவு வேற. அதான்...”

“வெளிய வாங்கினா என்ன? எடுத்துட்டு வந்தீங்கன்னா மூக்குல உறுத்தாம சரி பண்ணிக் கொடுத்திருப்பேன்ல? நானும் கேட்டிருக்கணும். கேக்கல. நீங்களாச் சொல்லட்டும்னு வீம்பா இருந்துட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் புள்ள மாட்டிக்கிச்சு.”

கையை நீட்டினார். தபால்காரர் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். மூக்கில் உட்காரும் இரண்டு பட்டைகளையும் கட்டைவிரலால் மெதுவாக அகட்டி, அவரே அத்தானுக்குப் போட்டுவிட்டார். அந்தத் தாள் பெரியப்பாவின் நாற்காலியில் கிடந்தது. அதையும் எடுத்து வந்து கொடுத்தார்.

“இப்பப் படிங்க.”

“யாருக்கு?”

“கேக்கிறவன் கேப்பான். படிங்க.”

தபால்காரர் எழுந்து நின்று படித்தார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் தலை குனிந்து கேட்டார். நாற்காலி அடுக்கியவர்களும் சத்தம் போடாமல் நின்றார்கள். கடவுளுக்கு நேரம் தவறுவதில்லை; எப்போது சொன்னாலும் அவர் கேட்டுக்கொள்வார் என்றுதான் நம்புகிறோம். ஆனால் அது ஒரு பெண் தன் மாமாவின் குரலில் கேட்க எழுதியது. அவள் விமான நிலையத்துக்குப் பாதி வழி போயிருந்தாள்.

தன்னைப் பற்றிய வரி வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவ சொன்ன மாதிரியே அழறேன், பாரு” என்றார்.

“ஆமா, அத்தான்” என்றார் மைத்துனர். “அவ இருக்கும்போது அழுதிருக்கணும்.”