திறப்புக்காரர்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் படுத்து மத்தியானம் எழும்பினால், கீழே தொலைக்காட்சியில் பழைய ஹொலிவூட் படம் ஓடும். எனக்கு மேலறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி கனகாம்பிகை அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். நானும் சோற்றுக் கோப்பையோடு போய் உட்காருவேன். கற்பனை எதுவும் தேவைப்படவில்லை. [தேவைப்பட்டது. போகப் போகத் தெரியும்.]

எழுதி எறிந்த தொடக்கங்கள்:

"1985இல் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் ஏறினார். போய்ச் சேரவில்லை." உண்மைதான். அக்காவின் கணவர் அவர். ஆனால் செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.

"லண்டனில் மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யட்டும்.

"எட்கர் லூமிஸ் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது"

கடைசி வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஒரு தடவையாவது என்ன?

2.

எட்கர் லூமிஸ் என்ற நடிகரைத் தேடாதீர்கள். பெயரை நான்தான் வைத்தேன். படுத்தெழும்பிய தலையணை மாதிரி முகம். ஒரு படத்தில் நீதிபதி, ஒன்றில் ரயிலில் டிக்கட் பார்ப்பவர், இன்னொன்றில் பாதிரியார். கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடுவார், கோட்டை வாங்கி மாட்டுவார், வழி சொல்லுவார். அவரை யாரும் முத்தமிட்டதில்லை. கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டால் அவரைத்தான் கொல்லுவார்கள்.

இப்படிப்பட்டவரைக் குணச்சித்திர நடிகர் என்று சொல்லவேண்டும். எனக்கு அந்தச் சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை. துணை நடிகர் என்றேன்.

"ஆருக்குத் துணை?" என்று அக்கா கேட்டார்.

சோற்றைப் பிசைந்தேன்.

அக்கா அவரை முதலில் கண்டது ஒரு ஹோட்டல் படத்தில். மேசைக்குப் பின்னால் நின்று, ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்துச் சிரித்துக்கொண்டே நீட்டினார். அன்றிலிருந்து அவர் திறப்புக்காரர். [தமிழ்நாட்டு வாசகருக்கு: திறப்பு என்றால் சாவி. உங்கள் சொல்லில் சாவு ஒட்டிக்கொண்டிருப்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன். எங்கள் சொல்லே இருக்கட்டும்.]

அடுத்த படத்தில் அவரைச் சுட்டார்கள். அதற்கடுத்த கிழமை நீதிபதியாக வந்து உட்கார்ந்தார்.

"இஞ்சை பார், திறப்புக்காரர்! போன கிழமையெல்லோ சுட்டவங்கள்!"

"அது வேறை படம், அக்கா."

"ஆள் அதே ஆள்தானே?"

"ஓம்."

"பிறகென்ன?"

சிரித்தார். பகிடி என்றுதான் நானும் நினைத்தேன்.

3.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹவுன்ஸ்லோவிலிருந்து அம்பலவாணன் வருவார். செல்வரத்தினத்தின் தம்பி. அன்றும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சாள், ஐயரோடை கதைச்சனான். உடம்பு இல்லாட்டிலும் தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சுக் கிரியையை முடிக்கலாமாம். நீங்கள் ஓமெண்டு சொன்னால் சரி."

"ஆருக்குக் கிரியை?"

"மச்சாள்..."

"நீர் கண்டனீரோ? ஆரும் கண்டவையோ?" அக்காவின் நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது. தொலைக்காட்சியைக் காட்டினார். "உவரைப் பாரும். போன மாசம் ஆத்திலை விழுந்து செத்தவர். இண்டைக்கு மாட்டுக்கு ஊசி போடுறார்."

"உது நடிப்பு, மச்சாள்."

"ஓம். நல்லா நடிக்கிறார்."

ஓம் என்றால் தாலியைக் கழற்றவேண்டும், குங்குமத்தை அழிக்கவேண்டும். முக்கியமாக, அவர் செத்துவிட்டார் என்று அக்கா தன் வாயால் சொன்னதாகிவிடும்.

முதல் வரைவில் அம்பலவாணனை வில்லனாக்கியிருந்தேன். தடித்த மோதிரம் போட்டு, குரலை உயர்த்தி, பெண்ணை வெருட்டுகிற ஆள். எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் அன்று நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார், சத்தம் வெளியே கேட்காமலிருக்க.

"எனக்கு அழுறதுக்கு ஒரு நாள் வேணும், தம்பி. அவ ஓமெண்டு சொல்லாமல் நான் அண்ணைக்கு அழ ஏலாது. அழுதால் நான் அவரைச் சாக்காட்டினமாதிரி."

மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

4.

1989இல் எட்கர் லூமிஸ் செத்துப்போனார். வேலையிடத்துப் பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். அவர் நினைவாக அந்த ஹோட்டல் படத்தை மறுபடி காட்டினார்கள்.

இரண்டாம் வரைவில் நான் அக்காவிடம் இதை மறைக்கிறேன். அழகான பொய், கதைக்கு வசதியானதும்கூட. ஆனால் அக்கா என்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரி நடத்தியதில்லை. நான் ஏன் அவரை அப்படி நடத்தவேண்டும்? ஆகவே சொன்னேன்.

"அக்கா, இவர் செத்துப்போனார். படத்திலை இல்லை. உண்மையா. பேப்பரிலை போட்டிருக்கு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையில் மனிதர் புத்தகத்தில் யாரோ பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"இது எப்ப எடுத்த படம்?"

"நீங்கள் பிறக்க முந்தி."

நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"அப்ப அவருக்கு இன்னும் தெரியாது" என்றார். பிறகு, "பாவம், என்ன வடிவாச் சிரிக்கிறார்."

நடையில் போன் அடித்தது. நான் போய் எடுத்தேன். அம்பலவாணன். ஐயருக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது, இன்றைக்கே பதில் சொல்லவேண்டும்.

5.

முடிவுகள்.

அ) அக்கா ஓம் என்கிறார். தர்ப்பை எரிகிறது. அம்பலவாணன் வாய்விட்டு அழுகிறார். நீங்களும் அழுவீர்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

ஆ) மாட்டேன் என்கிறார். காத்திருக்கிறார். காத்திருக்காதவன் காத்திருப்பைப் புகழ்ந்து எழுதுவது வெட்கக்கேடு. வெட்டிவிட்டேன்.

இ) "கிரியையைச் செய்யும். பொட்டை நான் அழிக்க மாட்டன்." இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் இந்த வசனத்தை நான்தான் எழுதினேன். அக்காவின் வாயில் என் வசனத்தைத் திணிக்க

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அது அக்காவின் விஷயம்.

இவ்வளவுதான் தருவேன். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்: "அம்பலவாணன் அண்ணை லைனிலை நிக்கிறார். என்ன சொல்ல?"

"படம் முடியட்டும்" என்றார் அக்கா.

திரையில் திறப்புக்காரர் ஆணியிலிருந்து திறப்பை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். கதாநாயகன் அந்தப் பக்கம் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும் வாங்கவில்லை.

போன் வயர் நீளமானது, உங்கள்வரைக்கும் வரும். இந்தாருங்கள், பிடியுங்கள். மெல்லப் பேசுங்கள். மறுமுனையில் ஒருவர் அழுவதற்கு அனுமதி கேட்டு நிற்கிறார்.