செவுளால் மூச்சுவிடுபவை

தண்ணீர்த் தொட்டியருகே இருந்தவர்கள்: ஜப்பான் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், அதிகாரியின் பேச்சைத் தமிழில் சொல்ல எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி கொர்னேலியஸ், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் நாகப்பன், கைக்குழந்தையோடு அவன் மனைவி வேலாயி, லயத்து வீடுகளில் குடியிருக்கும் கூலியாட்கள் எல்லோரும்.

தொட்டி பட்டாளத்துடையது. அதில் மீன்குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அடியில் செத்த தலைப்பிரட்டைகள் கருப்பாகப் படிந்து கிடந்தன.

"குடிதண்ணியில விஷம் போட்டது யாருன்னு கேக்குறாரு," என்றான் கொர்னேலியஸ். "சொல்லலைன்னா ஆம்பிளைங்க எல்லாரும் சயாமுக்கு, ரயில் பாதை போடுற வேலைக்கு."

இந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை.

போட்டது தூபா வேர். நசுக்கி ஓடையில் கரைத்தால் மீன் மயங்கி மேலே வரும். காட்டில் வாழும் பழங்குடிகளிடம் லயத்தார் கற்றுக்கொண்டது. மரவள்ளிக்கிழங்கையே தின்று வேலாயிக்குப் பால் வற்றிவிட்டது. முந்தின நாள் மீனுக்காக ஓடையில் கரைத்தது அவள்தான். ஓடையின் கீழ்ப்பக்கம் பட்டாளம் இந்தத் தொட்டிக்குப் புதிதாகக் குழாய் போட்டது அவளுக்குத் தெரியாது. நாகப்பனுக்கும் தெரியாது.

அவன் முன்னால் வந்தான்.

"கிராணி ஐயா, இது தூபா. மனுஷனை ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லுங்க. செவுளால மூச்சு விடுறதுதான் சாகும். அங்க பாருங்க, பெரிய தவளை பாறையில குந்திக்கிட்டு இருக்கு. அதோட குஞ்சுதான் செத்துச்சு."

"உன்னை யாருடா கேட்டா? சும்மா இரு லா!"

"சும்மா இருந்தா சயாம்."

தொட்டியில் ஒரு குவளை மொண்டு குடித்தான். வெயில் ஏறும்வரை அதிகாரி அவனை நிற்க வைத்தான். அவன் விழவில்லை.

"பசிதான் எடுக்குது," என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அதிகாரி ஏதோ கேட்டான். கொர்னேலியஸ் உதட்டை நக்கிக்கொண்டான்.

"நம்புறாராம். சயாம் இல்லையாம். தூபா போட்ட ஆள் மட்டும் வேணுமாம். இவ்வளவு தெரிஞ்சவனுக்கு அதுவும் தெரியுமேங்கிறாரு."

நாகப்பன் அதை யோசித்திருக்கவில்லை. வேலாயி வாயைத் திறந்தாள்.

"பிள்ளை அழுவுது. அங்கிட்டுத் தூக்கிட்டுப் போ," என்றான், அவளைப் பார்க்காமலே. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் போட்டேன், ஐயா."

"பொய் சொல்றடா."

"அதையும் அவன்கிட்ட சொல்லப் போறீங்களா?"

நாகப்பன் தான் போட்டதாகச் சொன்னதை மட்டும் கொர்னேலியஸ் ஜப்பானிய மொழியில் சொன்னான்.

தேயிலை ஆலையின் விறகு அறைக்கு நாகப்பனைக் கொண்டுபோனார்கள். அதற்குச் சன்னல் கிடையாது. ஒரு சிப்பாய் அவன் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். கதவைச் சாத்தி, வெளியே பூட்டினான்.