சீமாட்டி

அப்பாவின் உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் மகளின் காதில் தெளிவாக விழுந்தது.

"சீமாட்டி வந்துட்டாளா?"

காலையிலிருந்து மூன்றாவது தடவை. லீவு போட்டு ஓடிவந்த மகளை இரண்டு நாளாக அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் என்று நினைத்து, "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுக்குறேன்" என்கிறார். அவள் பஞ்சை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கூடத்தில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அந்தச் சீமாட்டி?"

"என் சக்களத்தி" என்றாள் அம்மா, நிமிராமல். மகள் விழித்த விழியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "கோவேறு கழுதைடி. பட்டாளத்துல, சண்டை நடந்தப்ப உங்கப்பாகிட்ட இருந்தது. மலைமேல குண்டு சுமந்துட்டுப் போகும்."

மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த நாளில், ஆற்றுக்கு மேலிருந்த கயிற்றுப்பாலத்தில் கால் வைக்கமாட்டேன் என்று சீமாட்டி நின்றுவிட்டாளாம். எதிரி கையில் சிக்கக் கூடாது, சுட்டுவிட்டு வா என்றாராம் அதிகாரி. ஒரே பனிமூட்டம். அப்பா சேணத்தை அவிழ்த்துப் போட்டார். வானத்தைப் பார்த்து ஒரு குண்டு சுட்டார். பாலத்தைக் கடந்து வந்துவிட்டார்.

"பாலத்தை வெட்டிவிட்டதுக்கப்புறம் அக்கரையிலேருந்து கத்தியிருக்கு. இவங்க மலை இறங்குறவரைக்கும். கல்யாணமான புதுசுல திடுக்குன்னு எழுந்து உக்காந்து, 'கேக்குதா'ம்பார்."

"நீ என்ன சொல்லுவ?"

"கேக்குதுன்னுதான்."

மகள் திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அப்பாவின் கண்கள் வாசல் பக்கமே இருந்தன.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாப்பா."

"பாலத்துமேலயா?"

"ஆமா. கொல்லையில நிக்கிறா."

அவர் முகம் இளகியது. "தண்ணி காட்டுங்க. எவ்வளவு தூரம் நடந்தாளோ."

அவள் கொல்லைக்குப் போனாள். குழாயை முழுக்கத் திறந்து, அவருக்குக் கேட்கட்டும் என்று வெறும் வாளியில் தண்ணீரை விழவிட்டாள். வாளி நிரம்பி, வழிந்து, கால் நனைந்த பிறகுதான் மூடினாள்.

உள்ளே வந்தபோது அப்பாவின் மூச்சு நின்றிருந்தது.

சாயங்காலம் அம்மாவும் மகளும் அவர் உடம்பைத் துடைத்தார்கள். இடது தோளில் பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு.

"அவ கடிச்சது. பார்த்த மொத நாளே."

அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையால் அந்தத் தழும்பை மூடினாள். மகள் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா கையை எடுக்கவில்லை.